எதக் கட்ட?

ஞானப்பிரகாசிக்கு நான் நாலு ஃப்ளெக்ஸ் அடித்திருக்கிறேன்,
தங்கச்சிமடம் பஸ் ஸ்டாப்பில்
ஐஸ் கம்பெனிச் சுவரை ஒட்டிய
அதே பத்துக்குப் பத்து கடைக்கு.

முதலாவது, பிரகாசி கவரிங் அண்ட் ஃபேன்சி.
பொம்பளைக்கு அதுதான் பொருத்தம் என்று
நாத்தனார் சொன்னாளாம்.
வளையலுக்கு வந்தவர்கள் காத்து நிற்க
இவள் ரிப்பன் உருளையைப் பிரித்து
இழை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பாள்.
எட்டு மாதம்.

அப்புறம் பிராய்லர்.
தடைக்காலத்தில் மீன் வராது, கோழி ஓடும் என்று கணக்கு.
கணக்கு சரிதான்.
கால் கட்டுகிற பையனோடுதான் தினமும் சண்டை:
"இறுகிக்கிட்டே போற முடிச்சா போடுவ?
உசிரோட இருக்குல்ல அது."

மூன்றாவது டிராவல்ஸ்.
அரிச்சல்முனை, பாம்பன் பாலம், வேன் படம்.
வேன் அவளுடையதில்லை, படம் என்னுடையதில்லை.
மேலே சுமை ஏற்றும்போது மட்டும்
நாற்காலியை விட்டு எழுந்து வருவாள்.

தாமதமாகத்தான் எனக்கு உறைத்தது.
மூன்று கடையும் போனது,
ஒரு போர்டும் போகவில்லை.
கட்டியது அவள்.
கச்சான் அடித்து எதிர்க்கடைத் தகரம்
ரோட்டில் மல்லாந்து கிடந்த காலையிலும்
ஒரு மூலை அவிழவில்லை.
கழற்றக் கத்தியோடு ஏணியில் ஏறினால்
கீழே நின்று கத்துவாள்:
"அறுக்காத மெல்கியோர், அவுரு.
அந்த வாலப் புடிச்சு இழு."
இழுத்தேன். மொத்தமும் கையோடு வந்தது.

நாலாவதுக்கு ஒரே சொல்.
கயிறு.
கூட என்ன போடட்டும், பெயிண்ட், நட்டு போல்ட், மிதவை?
"கயிறுதான்."
பேங்கிலும் அதையே கேட்டார்களாம்,
இந்தத் தொழிலில் என்னம்மா அனுபவம் என்று.
மேனேஜர் மேசையில் கிடந்த ஃபைல் நாடாவைக் காட்டி
இதத் தப்பாக் கட்டியிருக்கீங்க சார் என்றாளாம்.
லோன் கிடைக்கவில்லை.
சங்கிலி அடகுக்குப் போனது.

இப்போது போய்ப் பாருங்கள்.
நைலான் மூழ்கும், இழுத்தால் கொடுக்கும், நங்கூரத்துக்கு.
பச்சை பிளாஸ்டிக் மிதக்கும், பாசி வளர்க்கிற பெண்களுக்கு.
நுனியைத் தீக்குச்சியில் காட்டி, முகர்ந்து,
கலப்படம் எவ்வளவு என்று சொல்வாள்.
கேட்காதவர்களுக்கும் சொல்வாள்.
ரீசார்ஜ் உண்டா என்றால் முகம் கடுக்கும்.
யார் வந்தாலும் விலைக்கு முன்னால் ஒரு கேள்வி:
"எதக் கட்ட?"
ஆட்டுக்கு ஒன்று, வல்லத்துக்கு ஒன்று.
தொட்டில் என்றால் பிள்ளை எடை விசாரித்து
பருத்தியில் ஒரு முழம் கூடவே வெட்டுவாள்.

ஐப்பசியில் ஒருநாள் சாயங்காலம்
ஒருவர் வந்து பத்தடி கேட்டார்.
எதக் கட்ட என்றாள்.
பதில் இல்லை.
மறுபடி கேட்டாள்.
ஷட்டர் இறங்கியதை நான் பார்த்தேன்.
அக்காள்மடம் வரைக்கும் அவள் கூடவே நடந்து வந்ததை
அவரேதான் சொன்னார், தை பிறந்து,
மகள் சடங்குக்குப் பத்திரிகை அடிக்க வந்தபோது.

பணமா? பெரிதாக ஒன்றுமில்லை.
பாசி வெளுத்துப்போன கோடையில்
கடன் நோட்டு தடித்தது.
சங்கிலி இன்னும் வீடு திரும்பவில்லை.
ஆனால் உச்சி வெயிலில்
இரண்டு அறுந்த நுனிகளைப் புரிபுரியாகப் பிரித்து
ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிக்கொண்டிருப்பவளைப் பார்த்தால்,
காலையிலிருந்து யாரும் வரவில்லை என்பதை
யாராவது அவளிடம் போய்ச் சொல்ல வேண்டும் போலிருக்கும்.

நேற்று என் கடை போர்டு கிழிந்துவிட்டது.
ஃப்ளெக்ஸ், ஜெராக்ஸ், லேமினேஷன், பான் கார்டு,
ஆதார் திருத்தம், பட்டா சிட்டா,
ஸ்பீக்கர் வாடகைக்கு.
புதிது அடிக்க உட்கார்ந்து
மெல்கியோர் என்று தட்டியதோடு சரி.
ஆறடிக்கு நாலடி, மிச்சமெல்லாம் வெள்ளை.
அடித்து முடித்தால்
கட்டுவதற்கு அவளிடம்தான் போக வேண்டும்.
கேட்பாள்.